பதினேழு நகர்வுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணன் வீட்டுப் பின்னறையில் பொம்மை ரயில் ஓடும். பொம்மை என்று அவர் காதுபடச் சொல்லிவிடக் கூடாது, மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். அரைக்கதவு நீளத்துக்கு ஒரு பலகை. அதில் ஐந்து பெட்டிகள் நிற்கிற நீளத் தண்டவாளம் ஒன்று, மும்மூன்று பெட்டிகள் நிற்கிற குட்டைத் தண்டவாளங்கள் இரண்டு. மூன்றும் சேருகிற இடத்திலிருந்து வெளியே நீண்டிருக்கும் துண்டுக்கு அண்ணனும் தம்பியும் வைத்த பெயர் வால். வாலில் இன்ஜினும் மூன்று பெட்டிகளும்தான் அடங்கும். பேராசைப்பட்டு நான்காவதையும் இழுத்தால் அது பாதை பிரிகிற இடத்தின் மேலேயே நின்று கழுத்தறுக்கும்.

விளையாட்டு இவ்வளவுதான். எட்டுப் பெட்டிகளும் எப்போதும் மாறாத அதே வரிசையில், நீளத்தில் ஐந்தும் ஒரு குட்டையில் மூன்றுமாக, நின்று தொடங்கும். பெட்டிக்கு ஒன்றாக, அதன் சரக்கின் பெயர் எழுதிய எட்டுச் சீட்டுகள். குலுக்கி மேலே இருக்கும் ஐந்தை எடுத்தால், அந்த ஐந்து பெட்டிகளை அதே வரிசையில் நீளத் தண்டவாளத்தில் சேர்த்து நிறுத்த வேண்டும். இன்ஜினால் தள்ளலாம், இழுக்கலாம். கையால் மட்டும் தூக்கக் கூடாது. சீட்டைக் குலுக்கி ஆடுவது அண்ணன். வந்த வரிசையையும், எத்தனை நகர்வுகளில் முடிந்தது என்பதையும் நோட்டில் எழுதுவது தம்பி. பதினோரு வருஷமாக இதே ஏற்பாடுதான்.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பதினாறு பிள்ளைகள், அதில் ஒன்று தம்பியின் மகள். தம்பிக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. அந்தச் சனிக்கிழமை மதியம் அண்ணி கடைக்கே வந்து நின்றபோது, அவளுக்குப் பார்வைதான் மங்கிவிட்டதோ என்று அவர் நினைத்தார்.

"தம்பி, உங்க அண்ணனுக்கு என்னமோ ஆகுது" என்றாள் அண்ணி. உட்காரக்கூட இல்லை. "வியாழக்கிழமை அந்தப் பச்சை கேட் வீட்டு முன்னாடி வேனை நிறுத்திட்டுப் பத்து நிமிஷம் ஹாரன் அடிச்சிருக்காரு. அந்த வீட்டுப் பொண்ணு படிப்பை முடிச்சுப் போய் மூணு வருஷமாச்சு. அந்தம்மா வெளிய வந்து சொன்னதுக்கு, 'சீக்கிரம் அனுப்புங்க, மத்த பிள்ளைங்க காத்திருக்கு'ன்னாராம்."

"வயசு அறுபதாகுது அண்ணி. நமக்கெல்லாம் மறதி வராதா?"

"திங்கக்கிழமையிலேருந்து பாலத்தை அடைக்கிறாங்க. எல்லா வேனும் சுத்திப் போகணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க. வேனை விட்டுடுங்கன்னு நான் சொன்னா எரிஞ்சு விழறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

தம்பி சிரித்தார். இந்தச் சிரிப்பைத்தான் பிறகு அவரால் மன்னிக்க முடியவில்லை. "அண்ணி, மூளை மங்கினவனால அந்தப் பலகையில ஒரு பெட்டியைக்கூட ஒழுங்கா நகர்த்த முடியாது. அண்ணன் அஞ்சு வாரமா பதினேழே நகர்வுல முடிக்கிறாரு. நான் ஆடிப் பார்த்து இருபத்திரண்டுக்குக் குறைச்சு முடிச்சதில்ல. இதைவிட என்ன டாக்டர் சீட்டு வேணும்?"

அண்ணிக்கு அந்த விளையாட்டின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. "அஞ்சு வாரமும் அதே பதினேழா?" என்றாள். "சீட்டு மாறுனா கணக்கு மாறாதா?"

அவள் போன பிறகு தம்பி பையிலிருந்து நோட்டை எடுத்தார். டேங்கர், மரம், பால், சிமென்ட், கரி: பதினேழு. முந்தின வாரமும் டேங்கர், மரம், பால், சிமென்ட், கரி. அதற்கு முந்தின வாரமும் அதேதான். ஐந்து வாரமும் அவருடைய சொந்தக் கையெழுத்து. ஒவ்வொரு வாரமும் கடைசியில் வருகிற எண்ணை மட்டும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு இருந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிற மனுஷன்! தேய்க்க எடுத்த லென்ஸைக் கீழே வைத்தார். அவருக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. மகளை அந்த ஐந்து வாரமும் கையசைத்து வேனில் ஏற்றி அனுப்பியிருந்தார்.

ஞாயிறு காலை அண்ணன் குளித்து, சட்டை மாற்றி, தயாராக இருந்தார். பலகையைத் துடைத்து, பெட்டிகளை நிறுத்தியிருந்தார். சீட்டுக்கட்டு மேசை ஓரத்தில் கவிழ்ந்திருந்தது.

"குலுக்கி வச்சுட்டேன், எடுடா" என்றார்.

தம்பி சீட்டுக்கட்டை எடுத்தார். எடுத்தவர் குலுக்கினார். இரண்டு தடவை, மூன்று தடவை. அண்ணனின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அதான் குலுக்கிட்டேன்னு சொன்னேன்ல."

"இன்னொரு தடவை குலுக்கினா குறைஞ்சா போயிடும்?"

கரி, மாடு, டேங்கர், கல், பால். தம்பி ஐந்து சீட்டுகளையும் பலகைக்கு முன்னால் வரிசையாகப் பரப்பினார். அண்ணன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்ஜினை ஓட்டும் கைக்கருவியின் திருகைத் திருப்பினார். இன்ஜின் போய் நீளத் தண்டவாளத்துப் பெட்டிகளில் முட்டி, கோத்துக்கொண்டு திரும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வாலின் முனைக் கட்டையில் இன்ஜின் இடித்து உறுமியது. நான்காவது பெட்டி பிரிவின் மேல் நின்றது.

அண்ணன் பாதையை மாற்றும் நெம்புகோலைத் தள்ளினார். பெட்டிக்கு அடியில் தண்டவாளம் அசைந்தது. பெட்டி சாய்ந்து தடம் புரண்டது.

"வாலு சின்னதா இருக்கே" என்றார். "இதை யாருடா வெட்டினது?"

அந்தப் பலகையை அளந்து வெட்டியவர் அவர்தான். மூன்று பெட்டிகளுக்கு மேல் ஒரு நூல்கூட இடம் இருக்கக் கூடாது என்று ஒரு நாள் முழுக்க அறுத்து அறுத்துச் சரிபார்த்தவர். "நீங்கதான் அண்ணா" என்றார் தம்பி.

அண்ணன் கைநீட்டி, சாய்ந்த பெட்டியைத் தூக்கினார். பதினோரு வருஷத்தில் ஆட்டத்தின் நடுவே எந்தப் பெட்டியிலும் படாத கை. தூக்கியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பழைய வரிசையே வைடா. அது எனக்கு வரும்."

"அண்ணா..."

"ரோடும் அப்படித்தான். வரிசையா வரும். மாத்தாம இருந்தா ஒண்ணும் ஆகாது. நான் பிள்ளைங்களை ஒரு நாளும் விட்டுட்டு வந்ததில்ல."

"நாளைக்குப் பாலம் அடைக்கிறாங்க அண்ணா. ரோடு மாறுது. பதினாறு பிள்ளைங்க."

"நோட்டை எடு!" அண்ணனின் குரல் உயர்ந்தது. "பதினேழு, பதினேழுன்னு நீதானே எழுதின? நல்லா இருக்கேன்னு நீதானே எழுதின?"

அது உண்மைதான். கதவோரம் அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். தம்பி நோட்டைத் திறந்தார். தேதி போட்டார். ஐந்து பெட்டிகளின் பெயரை எழுதினார். எண் எழுத வேண்டிய இடத்தில், அந்த நோட்டில் இதுவரை எழுதாத ஒன்றை எழுதி, அண்ணன் பக்கம் திருப்பி வைத்தார். 'முடியவில்லை.'

அண்ணன் அதை ஒருமுறை படித்தார். விரலை வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். கோபம் வடிந்து, முகம் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

"நீயா எப்பக் கண்டுபிடிப்பன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்டா" என்றார். "எனக்கு வாயைத் திறந்து சொல்ல வரல."

சட்டைப் பையில் கைவிட்டு வேன் சாவியை எடுத்து, சீட்டுகளின் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டும் விரலை எடுக்கவில்லை. தம்பியும் இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணனே கையை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு யாரு ஓட்டுவா?"

"நான் லீவு சொல்லிட்டேன் அண்ணா. வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நானே ஓட்டறேன்."

அண்ணன் தலையாட்டினார். பிள்ளைகள் ஏறும் வீடுகளை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார்; எந்த வீட்டில் நாய் கட்டியிருக்காது, எந்தப் பிள்ளை ஜன்னலோரம் கேட்டு அழும், யாருடைய ஷூ கயிறு அவிழ்ந்தே இருக்கும் என்று தடங்கலில்லாமல் சொன்னார். தம்பி நோட்டின் அடுத்த பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பதினாறும் முடிந்தது. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தவரை அண்ணன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தப் பச்சை கேட் வீட்டுல மட்டும் கொஞ்சம் நின்னு ஹாரன் அடிடா. அந்தப் பொண்ணு எப்பவும் லேட்டாத்தான் வரும். விட்டுட்டுப் போயிடாதே."

தம்பி அண்ணியைப் பார்த்தார். பிறகு மறுபடி உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, பதினேழு என்று எண் போட்டு, பச்சை கேட் என்று எழுதினார்.

"சரிண்ணா" என்றார்.