மூஞ்சிக் கண்ணாடி

தகர அச்சைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் வைத்து நாகவல்லி ஆணி முனையால் கோடு இழுத்தாள். கோட்டின் மேலேயே பெரிய கத்தரி ஓடியது. கீழ் மூலைகள் இரண்டையும் வளைவாக வெட்டி, கையைக் கிழிக்காமல் இருக்க ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, எதிரே உட்கார்ந்திருந்த ஜெயசீலியிடம் தள்ளினாள். நெற்றிப் பட்டைகளுக்கு ஸ்பாஞ்சு ஒட்டிக்கொண்டிருந்த ஜெயசீலி ஷீட்டில் ஓட்டை போட்டு, பட்டையோடு சேர்த்து ரிவெட் அடித்தாள். முகத்தை மறைக்கும் ஷீல்டு ஒன்று முடிந்தது.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஷெட்டில் காற்றே வராது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஃபேன் போட்டால் வெட்டிய துணுக்குகள் பறக்கும் என்பதால் போடுவதில்லை. கீறல் விழாமல் இருக்க ஷீட்டின் இரண்டு பக்கமும் பால் நிறத்தில் பிலிம் ஒட்டியே வரும். அதை இவர்கள் உரிப்பதில்லை. வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்தான் முதல் தடவை உரிக்க வேண்டும்.

முதலாளி எட்மண்ட், கட்டி முடித்த அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டே நின்றார்.

"நாகவல்லி, இது யாருக்குன்னு தெரியுமா? உங்க வீட்டுக்காரர் பட்டறைக்குத்தாம்மா. ஆர்டர் வந்திருக்கு."

நாகவல்லி கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அவுரு பட்டறைக்கா சார்? அந்த மொதலாளி ஒரு க்ளவுஸ் வாங்கித் தர மாட்டானே."

"இப்ப வாங்கறாரே. நல்லதுதானே?"

"நல்லது சார்," என்றாள். அன்று மிச்ச வேலை முழுக்க ஒவ்வொரு ஓரத்தையும் இரண்டு தடவை தேய்த்தாள்.

அவள் புருஷன் எத்திராஜ் வேலை செய்தது வார்ப்புப் பட்டறையில். அச்சிலிருந்து வந்த இரும்புக் காஸ்டிங்கின் பிசிறைச் சாணை வீலில் கொடுத்துத் தேய்த்து எடுப்பது அவன் வேலை. வீலிலிருந்து தெறிக்கும் பொறி கழுத்திலும் முன்கையிலும் சிறு சிறு கறுப்புப் புள்ளிகளாகச் சுட்டு வைத்திருந்தது. அதெல்லாம் ஒன்றுமில்லை. கண்ணில் விழுவதுதான் பயம்.

பட்டரவாக்கத்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக்கு அவன் சாயங்காலம் வந்தபோது இடது கண் மூடியே இருந்தது. நாகவல்லி வாசல் வெளிச்சத்தில் பாயைப் போட்டாள். அவன் படுத்தான். இமையைத் தீக்குச்சியின் மேல் மடித்துத் திருப்பி, துணி நுனியைத் தண்ணீரில் நனைத்து முறுக்கி, சிவப்புச் சதையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளை ஒற்றி எடுத்தாள். மகள் வசந்தா குனிந்து பார்த்தாள்.

"வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. ஓரமா இருந்துச்சு, பொழச்சான்."

போன வருஷம் ஒரு துண்டு கருவிழியிலேயே பதிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசியால் நோண்டி எடுத்தார்கள். அந்த இடத்தில் தழும்பு நின்று, இடது பக்கம் எல்லாமே அவனுக்குக் கொஞ்சம் கலங்கித்தான் தெரிந்தது. வலது கண்ணிலும் இப்படி ஒன்று விழுந்தால் வேலை இல்லை, பார்வையும் இல்லை என்று அந்த டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

"இந்தாய்யா, ஒண்ணு சொல்றேன் கேளு," என்றாள் நாகவல்லி. "உங்க பட்டறைக்கு ஷீல்டு வருது. என் கையால வெட்டுனது."

அவன் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தான்.

"நெசமாவாமே?"

"எட்மண்ட் சாரே சொன்னாரு. பொட்டி கட்டியாச்சு."

எத்திராஜ் எழுந்து உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் வழித்துவிட்டுக்கொண்டான். அன்று இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

பெட்டி பட்டறைக்கு வந்தது. ஆபீஸ் அலமாரியில் போய் உட்கார்ந்தது. வாரம் போனது. யாரும் அதைத் திறக்கவில்லை. சூப்பர்வைசர் பக்தவத்சலத்திடம் கேட்டால், "வரும்யா, வரும்," என்றார்.

ஒரு நாள் காலையில் தரையெல்லாம் கழுவியிருந்தது. சுவரில் புதுச் சுண்ணாம்பு. காஸ்டிங் வாங்குகிற பம்பாய்க் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்களாம். பக்தவத்சலம் பெட்டியைத் தூக்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தார். எத்திராஜ் தன் ஷீல்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தான். மழமழவென்று இருந்தது. பிலிமின் மூலையில் நகத்தை வைத்தான்.

"உரிக்காதே! உரிக்காதே!" என்று பக்தவத்சலம் ஓடி வந்தார். "யாரும் பிலிமை உரிக்கக் கூடாது. அவங்க போனதும் திருப்பிப் பொட்டில வைக்கணும், அடுத்த தடவைக்கும் புதுசா இருக்கணுமாம். முதலாளி சொல்லிட்டாரு."

"இதோட எப்டி சார் கண்ணு தெரியும்?" என்றான் பக்கத்து வீல் கோவிந்தராஜ்.

"செத்த நேரம்பா. மெதுவா பண்ணுங்க. அவங்க வந்து பாத்துட்டுப் போயிடுவாங்க."

செத்த நேரம் என்றது உச்சி வெயில்வரை போனது. பிலிமுக்குப் பின்னால் எல்லாம் நீராகாரத்துக்குள் பார்ப்பதுபோல இருந்தது. வீல் எங்கே முடிகிறது, காஸ்டிங் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. எத்திராஜ் சத்தத்தை வைத்துத் தேய்த்தான். சத்தம் மாறினால் கையை இழுத்துக்கொண்டான். ஒருமுறை வீல் அவன் விரல் நுனியை நக்கிவிட்டுப் போனது. வந்தவர்களில் ஒருவர் அருகே நின்று, திருப்தியாகத் தலையசைத்து, இங்கிலீஷில் ஏதோ சொன்னார். முதலாளி சிரித்தார்.

அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் பக்தவத்சலம் ஷீல்டுகளை வாங்கி, வேட்டி முனையால் விரல் அடையாளங்களைத் துடைத்து, பெட்டியில் அடுக்கினார்.

ராத்திரி வீட்டில் இதைச் சொல்லும்போது எத்திராஜ் சிரித்தான். நாகவல்லி சிரிக்கவில்லை.

"பிலிமோடயே போட்டுக்கினு வீலுல கை வெச்சியா?"

"பின்ன இன்னா பண்றது?"

அவள் அவன் விரலை இழுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். நகம் பாதி இல்லை. தேங்காய் எண்ணெய் தடவினாள்.

மறுநாள் எட்மண்டிடம், ஓரம் விரிசல் விட்டு ஒதுக்கிய ஷீட் ஒன்றைக் கேட்டாள். எதற்கு என்று சொன்னாள். எட்மண்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எடுத்துக்கோம்மா. நல்ல பட்டையா பாத்துப் போடு. ஆனா எங்கேருந்து வந்துச்சுன்னு அங்கே சொல்ல வேணாம். எனக்கு அவர் கஸ்டமர்."

விரிசலை விட்டு வெட்டியதில் ஷீல்டு மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாக வந்தது. நெற்றிக்கு ஜெயசீலி ஸ்பாஞ்சை இரட்டையாக ஒட்டிக் கொடுத்தாள். வீட்டில் பிலிமை உரித்தவள் வசந்தாதான். உரித்ததும் ஷீல்டைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, நாகவல்லி வெங்காயம் நறுக்கும் இடத்தில் முகத்தை நீட்டி, "எனக்கு எரியவேல்ல," என்று கத்தினாள்.

எத்திராஜ் அதைப் போட்டுக்கொண்டு வீலின் முன் நின்ற முதல் நாள், பொறி நேராக முகத்துக்கு வந்து, கண்ணுக்கு நாலு விரல் முன்னால் சடசடவென்று மோதி விழுந்தது. பழக்கத்தில் தலையைத் திருப்பினான். பிறகு திருப்பாமல் நின்றான். இத்தனை வருஷத்தில் வீலில் இரும்பு கரைவதை அவன் நேராகப் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் கோவிந்தராஜ் கேட்டான். "மச்சான், தங்கச்சியாண்ட சொல்லி எனக்கும் ஒண்ணு பண்ணிக் குட்றா." மற்றவர்களும் கேட்டார்கள். ஒருவன் சத்தமாகவே, "அலமாரில கீறத குட்தா இன்னா?" என்றான். முதலாளி அப்போது பின்னால் நின்றிருந்தார்.

அவர் எத்திராஜைக் கூப்பிட்டார். கத்தவில்லை.

"இது உன்னுதா?"

"ஆமா சார். என்னுதுதான்."

"நான் குடுக்கலேன்னு ஊருக்கெல்லாம் காட்டறியா?"

"கண்ணுக்கோசரம் சார். ஏற்கெனவே ஒரு கண்ணு..."

"கண்ணு சரியில்லேன்னா வீட்ல இரு."

அவ்வளவுதான். காண்ட்ராக்ட் ஆள். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். ஷீல்டு கையில் இருந்தது.

நாகவல்லி சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக் கேட்டுக்குப் போய் பக்தவத்சலத்தைப் பிடித்தாள். அவர் வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் மூடினார்.

"நீங்களும் வீலுல நின்ன ஆளுதானே சார்."

பக்தவத்சலம் தன் வலது கண்ணைக் காட்டினார். கருவிழியின் மேல் சோற்றுப் பருக்கைபோல வெள்ளையாக ஒன்று.

"இத வெச்சுக்கினுதாம்மா சூப்பர்வைசர் ஆனேன். வீலுக்கு ஒதவ மாட்டேன்னு தெரிஞ்சப்புறம் போனாப் போவுதுன்னு இந்த வேலைய குட்தாரு. நான் அவராண்ட இன்னாத்த பேசறது? பேசுனா எனக்கு எங்கம்மா வேலை?"

"அவுரு எத்தினி வருஷமா ஒழைச்சாரு."

"தெரியும்மா. அந்த எடத்துல இன்னும் ஆள் போடல. அது மட்டும்தான் என்னால முடிஞ்சுது. அந்த ஷீல்ட ஊட்ல வெச்சுட்டு வரச் சொல்லு. நான் சொல்லி உள்ள உடறேன்."

எத்திராஜ் கேட்கவில்லை. "கை வேலை தெரிஞ்சவன், நமக்கா கெடைக்காது?" என்று எஸ்டேட்டின் ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கினான். பஸ் ஏறிப் பூந்தமல்லி, நசரத்பேட்டை வரை போனான். வேலை இருந்த இடத்திலும் அவன் கையிலிருந்த ஷீல்டைப் பார்த்ததும் மேஸ்திரிகளின் முகம் மாறியது. "யூனியன் ஆளா?" என்றான் ஒருவன். "இத கொண்ணாந்தவன் நாளைக்கு பூட்ஸ் கேப்பான்," என்று இன்னொருவன் சிரித்தான். ஓர் இடத்தில் கேட்டுக்கு வெளியே செங்கல் மறைவில் அதை வைத்துவிட்டு உள்ளே போனான். இரண்டு நாள் வேலை கிடைத்தது. பிறகு அங்கே மின்வெட்டு வந்து ஆளைக் குறைத்தார்கள்.

எட்மண்டின் ஷெட்டிலும் ஆர்டர் தொய்ந்தது. வாரத்தில் பாதி நாள்தான் வேலை. வீட்டில் காலை வேளை சமைப்பது நின்றது. வசந்தா பள்ளிக்கூடத்தில் மதியச் சோற்றுக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். ஒருநாள் பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று டீச்சரே ரிக்‌ஷாவில் கொண்டுவந்து விட்டாள்.

குழந்தைக்குக் கஞ்சியைக் கொடுத்துப் படுக்க வைத்த பிறகு நாகவல்லி அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த ஷீல்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தாளு இன்னும் ஆள் போடலயாம்யா," என்றாள்.

"சரி."

"நீ போய்ட்டு வா."

"அத போட்டுக்கினு வரக் கூடாதுன்னு சொன்னான்."

"தெரியும்."

"நீயா சொல்றே?"

"நான்தான் சொல்றேன். வேற யாரு சொல்லுவா?"

அவன் அவளை அதட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவன் எழுந்து, கொடியில் காய்ந்த வேலைச் சட்டையை எடுத்து உதறினான்.

காலையில் இருவரும் சேர்ந்தே போனார்கள். அவள் ஷெட்டும் அந்த வழியில்தான். எத்திராஜ் ஷீல்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். கேட்டருகே பக்தவத்சலம் நின்றிருந்தார். அவர் கண் பைக்குப் போனது.

"உள்ள வேணாம்பா. முதலாளி வந்துட்டாரு."

எத்திராஜ் பையிலிருந்து அதை எடுத்தான். துடைத்தான். நாகவல்லியிடம் கொடுத்தான். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டை மூக்கு வரை சுற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே நடந்தான். கேட்டின் சின்னக் கதவு மூடியது.

நாகவல்லி அங்கேயே நின்றாள். ஷெட்டுக்கு நேரமாகிவிட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எட்மண்ட் முன்னால் போய் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. கேட்டுக்கு எதிரே பொன்னம்மாள் இட்லிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, சாயங்காலம் வரைக்கும் இத வெச்சுக்கினு இரு. போம்போது வாங்கிக்கறேன்."

"இன்னாதும்மா இது, மூஞ்சிக் கண்ணாடியா?" பொன்னம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெயிலுக்கு நேரே பிடித்து ஊடே பார்த்தாள். "நல்லா பளிச்சினு கீதே."

தட்டில் இட்லி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பொன்னம்மாள் ஷீல்டைக் குப்புறக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாள். அளவாகப் பொருந்தியது.

பாரம் ஏற்றிய லாரி ஒன்று ரோட்டோரத்தில் இறங்கித் திரும்பியது. புழுதி எழும்பிக் கேட்டையும் மரத்தையும் மறைத்தது. நாகவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் வீல் சுற்ற ஆரம்பித்தது. முதலில் முனகலாக, பிறகு இரும்பைத் தொட்டதும் கிறீச்சென்று.

புழுதி அடங்கியதும் பொன்னம்மாள் குனிந்து பார்த்தாள். கண்ணாடி முழுக்கச் செம்மண் படிந்திருந்தது. அதன் கீழே இட்லிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"பார்ரா, ஒரு தூசு படல," என்றாள் சந்தோஷமாக.