மூன்று பேர் செய்ய வேண்டிய வேலை

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறியதிலிருந்து உஷாராணி அந்தத் தடித்த கணக்குக் கோப்பை மடியைவிட்டு இறக்கவில்லை. தலைமையாசிரியர் சிவேந்திரன் காலையிலேயே பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்குப் போய்விட்டார். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு நிதி நிர்வாகப் பயிற்சி. ‘மூன்று வருடக் கணக்கோடு வரவும்’ என்று அழைப்புக் கடிதத்திலேயே இருந்தது. புதுச் சட்டையும் சென்ட்டும் மறக்காத மனிதர், கணக்கை மட்டும் அலுவலக மேசையில் விட்டுவிட்டார்.

“நீயே கொண்டுவந்துடு லா, உஷா,” என்றார் போனில். “இது நல்லபடியா முடியட்டும். சங்கத்துல பேசி உன்னை நிரந்தரமாக்கிடறேன்.”

மூன்று வருடமாக இதே பேச்சுதான். ஆனாலும் இந்த முறை நடக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், படிப்பை நிறுத்தியவள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மாதம் கொடுக்கும் ஆயிரத்து நூறு வெள்ளிச் சம்பளத்தில், பள்ளி அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. ஒவ்வொரு ஜனவரியும் வேலை இருக்குமா, போகுமா என்ற கவலை. வந்த முதல் நாளே சிவேந்திரன் சொல்லியிருந்தார்: “டீச்சருங்க கையில காசு போனா தகராறு. நீயே வாங்கு, நீயே எழுது, நீயே பேங்க்ல கட்டு. உன்னை நம்பறேன்.” அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே சனிக்கிழமைகளிலும் வந்து ரசீதுகளை ஒட்டினாள்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். முன்னால் நின்று பேசியவர் ரெங்கசாமி, ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். உஷாராணி கோப்பைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள். திரும்பிப் போகும்படி யாரும் சொல்லவில்லை.

ரெங்கசாமி பக்கங்களைப் புரட்டினார். “அடடா! ஒரு ரசீதுகூட விடுபடலையே. யார் செஞ்சது சார்?”

“சனிக்கிழமைன்னுகூடப் பார்க்காம உட்கார்ந்து பண்ணினேன்,” என்றார் சிவேந்திரன் வெட்கப்படுவதுபோல.

கை தட்டினார்கள். உஷாராணிக்குச் சிரிப்புதான் வந்தது. போகட்டும், பேர் அவருக்கு, வேலை நமக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

ரெங்கசாமி இன்னும் நாலு பக்கம் புரட்டினார். முகம் மாறியது. “வாங்கினவர், பதிஞ்சவர், பேங்க்ல கட்டினவர். மூணு இடத்துலயும் ஒரே கையெழுத்து. மூணு பேர் செய்ய வேண்டிய வேலை இது. ஒரே கையில இருந்தா காசு காணாமப் போனாலும் தெரியாது. யார் இந்த உஷாராணி?”

“அவங்கதான் அங்க ஹெட்மாஸ்டர் போல!” என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, மண்டபமே சிரித்தது.

சிவேந்திரனின் காது சிவந்தது. “கிராணிப் பொண்ணு சார். அதிகம் படிக்காதது. இப்படியெல்லாம் செய்யுதுன்னு எனக்கே இப்பதான் தெரியுது.”

“ஒரு சென் காசுகூடக் குறையலை. குறைஞ்சிருந்தா, உள்ளே போறது அந்தப் பொண்ணு மட்டும் இல்லை சார்,” என்றார் ரெங்கசாமி.

சிவேந்திரன் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே வெயிலில் புடவைக்கடைகள் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தன. அவள் எதையும் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை அவர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் பயிற்சிச் சான்றிதழ், கண்ணாடிச் சட்டம் போட்டுப் பளபளத்தது.

“என்னைத் தப்பா நினைக்காதேம்மா. அங்க எல்லாரும் கேட்டுட்டாங்க. சங்கத்துலயும் பேசிட்டேன். இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்.”

“நீங்கதானே சார் செய்யச் சொன்னீங்க?”

“நான் சொன்னதுக்கு எழுத்து இருக்கா?” என்றார். குரலில் கோபம் இல்லை. பயிற்சியில் படித்ததை ஒப்பிப்பதுபோல இருந்தது. “சரி, அந்த நிறுத்தக் கடிதத்தை நீயே டைப் பண்ணிடு. எனக்கு அந்த ஃபார்மட் எல்லாம் தெரியாது.”

அவள் டைப் செய்தாள். கடித எண்ணும் அவருக்குத் தெரியவில்லை. பதிவேட்டைப் பார்த்து அவளே போட்டாள். கையெழுத்து வாங்கும்போது கேட்டாள்: “இனிமே மூணு பேர் வருவாங்களா சார்?”

“காசுக்கு எங்க போறது? ஒரு பொண்ணுதான். அடுத்த வாரம் வரும். போறதுக்கு முன்னே எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடு.” பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பில்லை எடுத்து நீட்டினார். “இந்தச் சட்டம் போட்ட காசு, முப்பத்தைந்து வெள்ளி. சில்லறைக் கணக்குல எழுதிக்க.”

உஷாராணி வவுச்சரை எழுதினாள். பெற்றவர், பதிந்தவர், அனுமதித்தவர் என்று மூன்று கோடுகள். வழக்கமாகப் பதிந்தவர் கோட்டில் போடும் கையெழுத்தை இன்று போடாமல், மூன்றையும் காலியாகவே விட்டு அவர்முன் வைத்தாள்.

சிவேந்திரன் போனில் யாருக்கோ சான்றிதழின் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேனாவை எடுத்து மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அவள் மை காயும்வரை ஊதிவிட்டு, அதைக் கோப்பில் கோத்தாள்.