நான்கடி கனத்தில் ஒரு கேன்டீன்

லைசென்ஸ் வருவதற்கு முன்பே எங்கள் சைட்டுக்கு நுழைவாயில் வளைவு வந்துவிட்டது. ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே, மரவள்ளி விளைந்துகொண்டிருந்த நாற்பது ஏக்கரை வளைத்து வேலி அடித்திருந்தார்கள். வெளி மாநிலத்திலிருந்து வரும் தாதுவைக் கரைத்து யுரேனியம் பிரித்தெடுக்கும் ஆலை. வளைவில் கம்பெனியின் பெயர், அதற்குக் கீழே 'பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்ற வாசகம். அந்த வாசகம் ப்ராஜெக்ட் மேனேஜர் ஜெகதீஸ்வரன் சொந்தமாக யோசித்தது. ஒரு வாரம் யோசித்தாராம்.

நான் அக்சிலியா. சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். பதினொரு வருடமாகக் கான்கிரீட்டின் தரம் பார்க்கிற வேலை. என் கையெழுத்து இல்லாமல் சைட்டில் ஒரு லாரி கான்கிரீட் இறங்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்கள்.

விதி ஒன்றும் தலையைச் சுற்றும் விதியல்ல. மனு பரிசீலனையில் இருக்கும்வரை நிலத்தைச் சமன் செய்யலாம், வேலி, ரோடு, தற்காலிக ஷெட் போடலாம். யுரேனியத்தைக் கையாளப் போகும் கட்டடத்துக்கு மட்டும் ஒரு சட்டி கான்கிரீட்கூடக் கொட்டக் கூடாது. அந்த மண் அதைத் தாங்குமா, கீழே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பார்த்தாக வேண்டும். கட்டி முடித்துவிட்டுப் பார்த்தால், கட்டியதற்குத் தோதாகத்தான் எல்லோருக்கும் கண் தெரியும்.

இந்த விதியை ஜெகதீஸ்வரன் ஐந்து நிமிடத்தில் தாண்டினார். வரைபடத்தில் முக்கியக் கட்டடத்தின் பெயரை அழித்துவிட்டு 'கேன்டீன்' என்று எழுதினார்.

"சார், இட்லி அவிக்க நாலடி கனத்துல அடித்தளம் எதுக்குன்னு யாராவது கேட்டா?" என்றேன்.

"கேக்கறவங்க வரும்போது பாத்துக்கலாமுங்க. தை மாசம் எம்.டி. வாராரு. அவருக்குப் பொட்டக்காட்டயா காட்டச் சொல்றீங்க?"

அன்றைக்கே நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. குழி தோண்டுவதுதானே, கான்கிரீட் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, 'கேன்டீன் குழி' என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன். என் பங்குக்கு நானும் ஒரு பொய்யை இறக்கிவிட்டேன்.

தோண்ட ஆரம்பித்த மூன்றாம் நாள், வேலியை ஒட்டிய காட்டுக்காரர் ராசப்பன் கம்பி ஓரமாக வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். தன் நிலத்தில் மஞ்சள் பயிரிட்டிருந்தார். அறுபது வயதிருக்கும்.

"ஏனுங்க அம்மணி, அந்த வடகெழக்கு மூலையில எங்க பங்காளிங்க கெணறு இருந்துச்சுங்க. தொண்ணூறடி. தண்ணி வத்திப்போகவும் கண்டதயும் கொட்டி மூடிப்போட்டாங்க. அது மேலயே நோண்டறீங்களே?"

"மேனேஜர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க. சாட்டிலைட்லயே பாத்தாச்சுன்னு சொல்லிப்போட்டாருங்க."

நான் குழிக்குள் இறங்கினேன். மற்ற இடமெல்லாம் சுண்ணாம்புக்கல் கலந்த கெட்டி மண். அந்த மூலையில் மட்டும் கறுத்த மண், உடைந்த ஓடு, லாரி டயர். இருபதடிக் கம்பி ஒன்றைக் குத்தச் சொன்னேன். இரண்டு பேர் அழுத்தியதும் பாதிக்கு மேல் சுலபமாக உள்ளே போய்விட்டது. போட்டோ எடுத்துக்கொண்டு ஜெகதீஸ்வரனிடம் போய், மண்ணை மறுபடி சோதிக்காமல் ஒரு அடி நகரக் கூடாது என்றேன்.

அவர் போட்டோவைப் பார்க்கக்கூட இல்லை. "கேன்டீனுக்கு எதுக்குங்க மண் ஆராய்ச்சி?" என்றார்.

தான் சொன்ன பொய்யைத் தானே நம்பும் நிலைக்கு வந்துவிட்ட மனிதரிடம் என்ன பேசுவது? கையெழுத்துப் போட மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சில் பூசையில் இருந்தபோது அறுபத்திரண்டு லாரி ரெடிமிக்ஸ் கான்கிரீட் வந்து இறங்கியிருக்கிறது. திங்கட்கிழமை பதிவேட்டைத் திறந்தால், எனக்கான கட்டத்தில் பச்சை மையில் அவருடைய கையெழுத்து. எட்டு நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. புகார் செய்தால் வேலை போகும் என்பது ஒரு பயம். காட்டிக்கொடுத்தவள் என்ற பெயரோடு இந்தத் தொழிலில் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள் என்பது இன்னொன்று. ஒன்பதாம் நாள் போட்டோ, பதிவேட்டின் நகல், கிணறு இருந்த இடம் எல்லாவற்றையும் சேர்த்து, லைசென்ஸ் தரும் அலுவலகத்துக்கு என் பெயரிலேயே அனுப்பினேன்.

ஆய்வுக்கு வந்தவர் சரிதா என்ற அதிகாரி. அவர் வரும் தகவல் முதல் நாளே ஜெகதீஸ்வரனுக்குத் தெரிந்துவிட்டது. எனவே எங்கள் கேன்டீன் ஒரே நாளில் திறக்கப்பட்டது. அடித்தளத்தின் மேல் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கேஸ் அடுப்பு. கம்பி கட்டும் ஆட்கள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, பசியில்லாத முகத்தோடு வடை தின்றுகொண்டிருந்தார்கள். வடகிழக்கு மூலையில் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் அரிசி மூட்டை அடுக்கியிருந்தது.

கொடுத்த டீயைச் சரிதா குடித்தார். பிறகு, "அந்த மூட்டைகளை எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

"மளிகைச் சாமானுங்க மேடம்."

"தெரியுது. எடுங்க."

தார்ப்பாய்க்கடியில், மூலையிலிருந்து குறுக்காக ஒரு விரிசல் ஓடியது. சரிதாவோடு வந்தவர்கள் மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். அந்த மூலை இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. மேலே இன்னும் ஒரு சுவர்கூட எழவில்லை. சரிதா பதிவேட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பச்சைக் கையெழுத்தைக் காட்டி, "இது யாருது?" என்றார். ஜெகதீஸ்வரன் என்னைப் பார்த்தார், தளத்தைப் பார்த்தார், கடைசியில், "அவசரத்துல போட்டதுங்க" என்றார்.

மனு திருப்பி அனுப்பப்பட்டது. போட்டதை உடைத்து அள்ளிவிட்டு, மண் சோதனையிலிருந்து மறுபடி தொடங்கினால்தான் இனிப் பேச்சு என்று உத்தரவு. அதே வாரம் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. நான் நிறுவனத்தின் நம்பிக்கைக்குரியவள் அல்லவாம். ஜெகதீஸ்வரனை வேறொரு மாநிலத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவர் துணைத் தலைவர். நம்பிக்கைக்கு அந்தக் கம்பெனியில் அதுதான் அர்த்தம்.

அடித்தளத்தை உடைக்கும்போது ராசப்பன் போன் செய்தார். நாலு பிரேக்கர் இருபது நாளாக ஓடுகிறது, தூசி படிந்து மஞ்சள் பயிரின் இலையெல்லாம் வெள்ளையாகிவிட்டது என்றார். "ஒடைக்கறதுக்கு லைசென்ஸ் வேண்டாமுங்களா அம்மணி?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு சங்ககிரியில் பாலம் கட்டும் ஒரு நிறுவனத்தில் ஆள் கேட்டிருந்தார்கள். போனேன். அங்கே இருந்த பெரியவர் குமரகுரு என் பழைய வேலையைப் பற்றிக் கேட்டார். நடந்ததை அப்படியே சொன்னேன். "இங்கயும் அந்த மாதிரி எழுதிப் போட மாட்டீங்களே?" என்றார்.

"இங்கயும் அந்த மாதிரி நடக்குமா சார்?" என்றேன்.

அவர் மேசை மேலிருந்த காலண்டரைப் பார்த்தார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.