குதிகால் மட்டம்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஒரு நிமிடம் மேலே பார்க்க வேண்டும். அவ்வளவுதான். லிஃப்ட் கேபினின் கூரைமேல் நின்று, கேபின் ஏறி இறங்கும் பன்னிரண்டு மாடி உயர ஷாஃப்டை அண்ணாந்து, அறுபது எண்ணும்வரை. தலை சுற்றவில்லை என்றால் பழைய மெக்கானிக் வேலை. சுற்றினால் அலுவலகத்தில் ஃபோன் எடுக்கும் வேலை. "லிஃப்ட் நின்னுடுச்சு" என்று கத்துகிறவர்களிடம் "ஆள் வர்றாங்க" என்று சொல்ல வேண்டும். பதினேழு வருடம் அந்த ஆளாகப் போனவன் நான்.

எனக்கு இருந்தது கியாரி என்கிற கோளாறு. சிறுமூளையின் அடி நுனி மண்டையோட்டின் கீழ்த் துளை வழியாகக் கழுத்துக்குள் இறங்கி நெருக்கிக்கொண்டிருந்தது. இருமினால் பின்மண்டையில் இடி விழும். எட்டு மாதத்துக்கு முன் பின்பக்க எலும்பைக் கொஞ்சம் எடுத்து இடம் பண்ணினார்கள். இடி நின்றது. மற்றவை நிற்கவில்லை. தரை படகு மாதிரி மெல்ல அசைந்தது. இடது கையின் இரண்டு விரல்கள் வேறு யாருடையவோ போலத் தொங்கின. மேலே பார்த்தால் உலகம் பக்கவாட்டில் வழுக்கிப் போனது.

"மண்டைய இவ்வளவு செதுக்கியும் தலைக்கனம் மட்டும் கொறையலையே" என்றாள் மனைவி. அவள்தான் ஒரு கைரோபிராக்டரைக் கண்டுபிடித்தவள். மருந்தில்லாமல், கழுத்தின் மேல்முனை எலும்பை மட்டும் கையால் சரிசெய்கிற அம்மாள். முதல் நாள் அவர் என்னைத் தொடவே இல்லை.

"உங்க சர்ஜன்கிட்ட பேசாம கை வைக்க மாட்டேன்."

பேசினார். திருகக்கூடாது, முறிக்கக்கூடாது, மென்மையாகச் செய்வதென்றால் பாருங்கள், நான் உத்தரவாதம் தரமாட்டேன் என்று சொன்னாராம் சர்ஜன். "நானும் தரமாட்டேன்" என்றார் இவர். அது எனக்குப் பிடித்திருந்தது.

எக்ஸ்ரேயில் பென்சிலால் கோடு போட்டுக் கோணம் அளந்தார். ஒவ்வொரு முறையும் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, ஷூவோடு இரண்டு குதிகால்களையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார். மேல் எலும்பு விலகியிருந்தால் ஒரு கால் குட்டையாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. அப்படித் தெரிந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, காதுக்குக் கீழே லேசாக ஓர் அழுத்தம். தபால்தலை ஒட்டுகிற அளவுதான். சத்தமே வராது. பிறகு ஓய்வறையில் நாற்பது நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும்.

ஓய்வறையில் நான்கு சாய்வு நாற்காலிகள். திரைச்சீலை வழியாக ஆறிப்போன தேநீர் நிறத்தில் பகல் உள்ளே வரும். கண்ணை மூடினால் நானே ஷாஃப்டாகிவிடுவேன். பாதத்திலிருந்து ஒரு கேபின் கிளம்பும். முழங்காலில் கதவு திறக்கும், யாரும் ஏறமாட்டார்கள். நெஞ்சில் திறக்கும், யாரோ ஈரக் குடையோடு இறங்கிப் போவார்கள். கழுத்து மாடியில் மட்டும் கேபின் இரண்டு விரல் தாழ்வாக நிற்கும். வாரம் போகப் போக அந்த இடைவெளி குறைந்தது.

ஆறு வாரத்தில் ஒரு விரல் என்னிடம் திரும்பி வந்தது. படகு பகலில் சில மணி நேரம் கரையில் நின்றது. அது அவருடைய கையாலா, அந்த நாற்பது நிமிடத் தூக்கத்தாலா, நாள் ஆனதாலா, எனக்குத் தெரியாது. தன்னால்தான் என்று அவரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை குதிகால்களைப் பிடித்தார். "இன்னிக்கு மட்டமா இருக்கு. அழுத்த வேணாம்."

"நாளைக்கு டெஸ்ட்டும்மா. எதுக்கும் ஒரு தடவ..."

"எடத்துல இருக்கிற எலும்ப எதுக்குத் தொடணும்? போய்ப் படுங்க."

"காலைல எந்திரிச்சப்ப லேசா சுத்துச்சு. இன்னொரு தடவ பாருங்களேன்." பொய்.

மறுபடி பிடித்தார். இந்த முறை வலது இடுப்பை நூலளவு மேலே இழுத்துக்கொண்டேன். மட்டம் பார்ப்பது என் பிழைப்பு. அதை ஏமாற்றவும் தெரியும். லிஃப்ட் ஆடுகிறதென்று காட்டிப் புது ரோலர் போடவைக்க, கேபினுக்குள் நின்று வேண்டுமென்றே குதிக்கிற ஆட்களை எவ்வளவு திட்டியிருப்பேன்.

"இப்பதானே சரியா இருந்துச்சு" என்றார். நெற்றி சுருங்கியது. ஆனாலும் என்னைத் திருப்பிப் படுக்கவைத்து அழுத்தினார். எனக்குத் திருட்டு மகிழ்ச்சி. அன்றைய கனவில் கேபின் கழுத்து மாடியைத் தாண்டி, ஒரு விரல் மேலே போய் நின்றது.

வெள்ளிக்கிழமை. கேபின் கூரையில் எனக்குப் பக்கத்தில் என் மனைவியின் தம்பி, ஸ்டாப் பட்டனில் விரலோடு. அவன் என் ஜோடி மெக்கானிக். வாசலில் கடிகாரத்தோடு பாதுகாப்பு அதிகாரி.

"மேல ஒண்ணும் புதுசா இல்ல மாமா. அதே கிரீஸ், அதே ஒட்டடை."

அண்ணாந்தேன். முப்பதுவரை கம்பி வடங்கள் நேராக நின்றன. நாற்பதில் தண்ணீருக்குள் மிதக்கும் தலைமுடி போல அலைந்தன. உச்சியிலிருந்த வெளிச்சச் சதுரம் கழன்று என்னை நோக்கி மெல்ல இறங்கியது. அழகாகத்தான் இருந்தது. பயமே வரவில்லை. பயம் வராததுதான் என்னைப் பயமுறுத்தியது.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், என் முகத்தை அல்ல.

"இன்னும் இருபதுதான். கம்பிய விடாதீங்க" என்று கிசுகிசுத்தான் மச்சான்.

நின்றிருக்கலாம். அறுபது வந்திருக்கும், கையெழுத்து விழுந்திருக்கும். அடுத்த வாரம் இவன் ஷாஃப்டின் அடிக் குழிக்குள் இருப்பான், நான் மேலே ஸ்பேனரோடு இருப்பேன்.

"சுத்துது" என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்த டெஸ்ட் மூன்று மாதம் கழித்து.

வெளியே வந்ததும் அவன் வெடித்தான். "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"கீழ நிக்கப்போறது நீதான்டா."

கையுறையைக் கழற்றினான். "அக்காகிட்ட யாரு சொல்றது?"

"நீ சொல்லு."

"ஃபோன் வேல உங்களுக்குத்தானே மாமா குடுத்திருக்காங்க. நீங்களே போடுங்க."

மதியம் அந்த அம்மாளிடம் போய், நேற்று இடுப்பைத் தூக்கியதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எத்தன தடவ?"

"நேத்து மட்டும்."

"வெட்டித் தெச்ச கழுத்துங்க அது. என்னைய ஏமாத்தி உங்களுக்கு என்ன கெடச்சுது?"

"நீங்க அழுத்தினதாலதான் சுத்துச்சா?" என்று கேட்டேன்.

"தெரியாது. பயத்துல சுத்தியிருக்கலாம். அழுத்தாமலே கூடச் சுத்தியிருக்கலாம். இனிமே அதக் கண்டுபிடிக்க வழியில்லாமப் பண்ணிட்டீங்க." என் அட்டையில் வியாழக்கிழமை வரியைக் கோடு போட்டு அடித்தார். "சர்ஜனுக்கும் சொல்லிடறேன். புதுசா ஏதாவது மரத்துப்போச்சுன்னா இங்க வராதீங்க, நேரா அங்க போங்க. இப்பப் படுங்க."

பிணம் மாதிரி இடுப்பை விட்டுப் படுத்தேன். குதிகால்களைப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. இன்னிக்குத் தொடமாட்டேன். அடுத்த வாரம் பாப்போம்."

ஓய்வறையில் தேநீர் நிறப் பகல். பக்கத்து நாற்காலியில் யாரோ சன்னமாகக் குறட்டை விட்டார்கள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஃபோன் முன்னால் இருக்க வேண்டும். கண்ணை மூடினேன். கேபின் பாதத்திலிருந்து கிளம்பியது. முழங்கால், நெஞ்சு, கழுத்து. ஒரு விரல் தாழ்வாக நின்று கதவு திறந்தது. இடைவெளியைப் பார்த்தேன். மட்டமாக்க ஸ்பேனரை எடுக்கவில்லை. காலைக் கொஞ்சம் தூக்கிவைத்து வெளியே வந்தேன்.