மனப்பாடமான ஏழாவது வரி

கண்ணாடிக் கடைக்கு வருபவர்கள் அவளை ‘டெஸ்ட் மேடம்’ என்று அழைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் ‘சோடாபுட்டி’ என்று பெயர். கடைப் பெயரை உழைத்துச் சம்பாதித்தாள்; பள்ளிப் பெயர் மூக்கின்மேல் தானாக வந்து உட்கார்ந்தது. மைனஸ் ஆறரை, இரண்டு கண்ணுக்கும்.

கடையின் பின்புறத்தில் பத்தடி நீளமுள்ள ஓர் அறையில் அவள் பதினோரு ஆண்டுகளாகப் பிறர் கண்களைப் பரிசோதித்து வந்தாள். இருபதடி தள்ளி நின்று படிக்க வேண்டிய எழுத்துகளைப் பத்தடிக்குள் அடக்க அங்கே ஓர் உபாயம் இருந்தது. எழுத்துப் பலகையை நாற்காலிக்குப் பின்னால், உட்காருபவரின் தலைக்கு மேலே, ஒரு விளக்குப் பெட்டிக்குள் மாட்டியிருந்தார்கள். எதிர்ச்சுவரில் நிலைக்கண்ணாடி. பலகையில் இடவலம் மாறி அச்சான எழுத்துகள் நிலைக்கண்ணாடியில் நேராகத் தெரியும். கணினியில் கண் பார்க்கும் இயந்திரம் ஒன்றை முதலாளி வாங்கித் தருவதாகச் சொல்லி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

இயந்திரம் வராததில் அவளுக்கு வருத்தமில்லை. மனிதர்களை ஒழுங்காகப் படிக்க வைத்தாலே போதும் என்பது அவள் கட்சி. அந்த ஒழுங்கில் மட்டும் அவள் இம்மியும் விட்டுக்கொடுக்கமாட்டாள்.

“சார், கழுத்தை நீட்டாதீங்க. பலகை உங்ககிட்ட வரணும்னா அதுவே வரும்.”

“இல்லைங்க, அது ‘ப’ மாதிரி...”

“மாதிரி எல்லாம் வேண்டாம். தெரியுதா, தெரியலையா?”

“முதல்ல தெரிஞ்சுது. நீங்க அதட்டினதும் போயிடுச்சு.”

இப்படித் திட்டு வாங்கியவர்கள்தாம் மறு ஆண்டும் அவளையே தேடி வந்தார்கள். அவள் எழுதிக் கொடுத்த அளவு தப்பியதாகச் சரித்திரமே இல்லை.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. வாழ்நாளில் ஒரு காலையிலாவது, தலையணைக்கு அடியிலும் கட்டிலுக்குக் கீழும் கையால் துழாவாமல், கண்ணைத் திறந்தவுடன் உலகத்தைப் பார்த்துவிட வேண்டும். அதற்கு லேசர் அறுவைச் சிகிச்சைதான் வழி. அவளுடைய அளவு ஆறு ஆண்டுகளாக அசையவில்லை. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். கடையில் விடுப்பு கிடைப்பதுதான் கஷ்டம். அந்த நேரத்தில் வயிற்றில் குழந்தை தங்கியது. பிரசவ விடுப்பு ஆறு மாதம். கணக்குப் போட்டாள்: முதல் மாதத்தில் பிரசவம், மூன்றாவது மாதத்தில் லேசர், ஏழாவது மாதத்தில் வெறுங்கண்ணோடு கடை.

ஐந்தாம் மாதத்தில் இந்தத் திட்டத்தைக் கண் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள். நான்கு தெரு தள்ளியிருந்த கண் மருத்துவமனையில் லேசர் செய்பவர் அவர். அவர் எழுதித் தரும் சீட்டுகளுக்கெல்லாம் கண்ணாடி போட்டுத் தருவது இவளுடைய கடை. ஆகவே சலுகை கிடைக்கும் என்று நம்பியிருந்தாள்.

டாக்டரம்மா சிரிக்கக்கூட இல்லை. “முடியாது. பிரசவம் ஆகணும். குழந்தை பால்குடி மறக்கணும். அதுக்கப்புறம் மூணு மாசம் விட்டு ஒரு தடவை அளக்கணும், இன்னும் கொஞ்ச நாள் விட்டு இன்னொரு தடவை. ரெண்டும் ஒண்ணா இருந்தா லேசரைப் பத்திப் பேசலாம்.”

“அதெல்லாம் மத்தவங்களுக்கு டாக்டர். எனக்கு ஆறு வருஷமா ஒரு புள்ளிகூட மாறலை.”

“ஆறு வருஷமா நீ கர்ப்பமாவும் இல்லையே. இந்த நேரத்துல உடம்புல நீர் கோக்கும். கால் வீங்கற மாதிரி கருவிழியும் லேசா உப்பலாம். அளவு கூடும், குறையும். கண்ணாடின்னா தப்பானாலும் கழட்டிடலாம். லேசர்ல கண்ணையே அந்த அளவுக்குச் செதுக்கிடறோம். நாலு மாசம் தங்கிப் போற விருந்தாளியோட அளவுக்கு வீட்டைக் கட்டுவியா?”

“என் கண்ணுக்கு விருந்தாளியே வரலைன்னு எழுத்துல காட்டினா?”

“மாசா மாசம் எழுதிட்டு வா. பார்க்கிறேன். ஆனா விதி விதிதான்.”

‘பார்க்கிறேன்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் வீடு திரும்பினாள். மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, கடை திறந்த கையோடு, பரிசோதனை நடந்தது. பரிசோதகியே பரிசோதிக்கப்பட வேண்டியிருந்ததால், லென்ஸ் அறுக்கும் மாஸ்டரை அவள் துணைக்கு அழைத்துக்கொண்டாள். மாஸ்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல். நாள் முழுவதும் சக்கரத்தில் லென்ஸ் விளிம்பைத் தேய்ப்பவர். உடம்பெல்லாம் வெள்ளைத் தூள் படிந்து, மாவு மில்லில் இருந்து வந்தவர் போல இருப்பார்.

“மேல இருந்து ஆரம்பிங்கம்மா.”

“மேல் வரியெல்லாம் எருமை மாடு அளவுக்கு இருக்கு மாஸ்டர். அதைப் படிச்சா நேரந்தான் வீண். நேரா ஏழாவது வரி.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே வலக்கண்ணை அட்டையால் மறைத்துக்கொண்டு, கடகடவென்று சொல்வாள்: “ங, ய, ட, ல, ம, வ, ப.”

“எல்லாம் சரி.”

“இடது கண்ணை மறைச்சாச்சு. ங, ய, ட, ல, ம, வ, ப. எழுதுங்க. ‘மாற்றமில்லை.’”

ஐந்தாம் மாதம் மாற்றமில்லை. ஆறாம் மாதம் மாற்றமில்லை. ஏழாம் மாதமும் அப்படியே.

கடைக்கு வெளியே நிலவரம் வேறாக இருந்தது. ஒரு மாலை கடையைச் சாத்திவிட்டு வெளியே வந்தவள், எதிர்ச்சாரியில் நீலச் சட்டையோடு வண்டியில் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்து விறுவிறுவென்று போய், “வயித்துப் பிள்ளைக்காரி கால் கடுக்க நிக்கறேன், போனை எடுத்தா என்ன கொறைஞ்சா போயிடுவீங்க?” என்று பிடிபிடியென்று பிடித்தாள். நீலச் சட்டை திருதிருவென்று விழித்தது. “தப்புதாங்க, மன்னிச்சிடுங்க” என்றும் சொன்னது. அது யாரோ ஒருவர்.

உண்மையான கணவன் பத்தடி தள்ளி, பழுப்புச் சட்டையில், இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு ரசித்துக்கொண்டிருந்தான். “நல்ல மனுஷன். நான்கூட இவ்வளவு சீக்கிரம் மன்னிப்புக் கேட்டதில்லை.”

“வெளிச்சம் சரியில்லை. தெரு விளக்கை எப்பத்தான் மாத்துவாங்களோ!”

“மேடம், சூரியனே இன்னும் இறங்கலை.”

வீட்டில் மாமியாரும் கவனித்திருந்தார். கொடியில் காய்ந்த துண்டைப் பூனையென்று நினைத்து மருமகள் விரட்டியதை நேரில் கண்ட சாட்சி அவர்.

“ஏம்மா, கண்ணு ஏதாவது மங்குதா?”

“இல்லை அத்தை. கண்ணுல கொஞ்சம் வறட்சி. இந்த மாசத்துல எல்லாருக்கும் வர்றதுதான்.”

“ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடறவ நீ. உனக்குத் தெரியாததா? துண்டுதான் பாவம், பயந்துபோச்சு.”

அவள் சும்மா இருந்துவிடவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கடையில் லென்ஸ் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தாள். மைனஸ் ஆறரை, அச்சுக் குலையாமல். சட்டத்தை நிமிர்த்தினாள், மூக்குத் தாங்கிகளை மாற்றினாள், லென்ஸை மூன்று முறை கழுவினாள். கண்ணாடியில் தவறில்லை. பலகையில் ஏழாவது வரி தெரிகிறது. ஆகவே தவறு தெருவிளக்கு, நீலச் சட்டை, துண்டு ஆகியவற்றின்மேல்தான் இருக்க வேண்டும்.

எட்டாம் மாதம் முதல் தேதி வந்தது. முந்தின நாள் பிரசவ டாக்டரிடம் போக வேண்டியிருந்ததால் அவள் கடைக்கு வரவில்லை. காலையில் வந்ததும் வராததுமாக நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே அட்டையை எடுத்தாள்.

“ரெடியா மாஸ்டர்? ஏழாவது வரி. ங, ய, ட, ல, ம, வ, ப. எழுதுங்க.”

மாஸ்டர் எழுதவில்லை.

“என்ன மாஸ்டர், பேனா எழுதலையா?”

“பேனா எழுதுதும்மா.” அவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் பலகையைப் பார்த்தார். “இன்னொரு தடவை படிங்க.”

“ங, ய, ட, ல, ம, வ, ப. காது கேக்கலையா?”

“காது கேக்குது. பலகைதாங்க வேற. பழசு மஞ்சளாப் போச்சுன்னு நேத்து முதலாளி ஆள் வச்சு மாத்திட்டாரு. பெட்டி அதேதான், உள்ள இருக்கற எழுத்து எல்லாம் புதுசு.”

அவள் நிலைக்கண்ணாடியில் மேல் வரியைப் பார்த்தாள். பதினோரு ஆண்டுகளாக ‘அ’ இருந்த இடத்தில் ஒரு பெரிய ‘க’ காலை அகட்டிக்கொண்டு நின்றது. இரண்டாவது வரி தெரிந்தது. மூன்றாவதும் தெரிந்தது. நான்காவது வரியில் கழுத்து தானாக முன்னே நீண்டது; நீண்டதை உணர்ந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஐந்தாவது வரியில் எறும்புகள். ஏழாவது வரி இருந்த இடத்தில் எழுத்து என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. சற்று முன் அந்த இடத்தில் அவள் ஏழு எழுத்துகளைச் சத்தியமாகப் பார்த்திருந்தாள்.

“மாஸ்டர், நான் பொய் சொல்லலை. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது.”

“நீங்க போய்ப் பொய் சொல்லுவீங்களா! பதினோரு வருஷமா பார்த்த மூஞ்சி. கண்ணை மூடினாலும் தெரியும். எனக்குக்கூட என் மச்சினன் வர்றதுக்கு முன்னாடியே தெரிவான்.”

சோதனை லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் போட்டு அளந்ததில் உண்மை வெளிவந்தது. இரண்டு கண்ணிலும் முக்கால் பவர் கூடியிருந்தது. மைனஸ் ஏழே கால்.

நோட்டு மேசைமேல் விரிந்து கிடந்தது. மூன்று மாதத்து ‘மாற்றமில்லை’ மணிமணியான கையெழுத்தில் அவளையே பார்த்தது. மாஸ்டர் இரக்கப்பட்டார்.

“ஏம்மா, மூணு தடவை எழுதினோம். நாலாவதையும் அதே மாதிரி எழுதிடவா? பிரசவம் ஆனா எல்லாம் பழையபடி இறங்கிடும்னுதானே சொல்றாங்க? நடுவுல வந்து போனது யாருக்குத் தெரியப்போகுது?”

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விடுப்பு ஆறு மாதம் மறுபடியும் கிடைக்குமா? துழாவாத அந்தக் காலை இன்னும் இரண்டு ஆண்டு தள்ளிப் போகுமா? ‘பார்க்கிறேன்’ என்ற சொல் கையில் இருந்தது. நோட்டை நீட்டினால் டாக்டரம்மாவின் மனம் கொஞ்சம் இளகக்கூடும். ஆனால், தனக்கு முன்னால் இப்படி ஒருவர் உட்கார்ந்து பலகையை ஒப்பித்திருந்தால், அந்த அளவுக்கு அவள் கண்ணாடிகூட எழுதிக் கொடுத்திருக்கமாட்டாள். கண்ணையா செதுக்கச் சொல்வது?

“சிவப்புப் பேனா எடுங்க மாஸ்டர்.”

மூன்று வரிகளையும் அவளே அடித்தாள். அளவுகோல் வைத்து, கோடு கோணாமல். பக்கத்தில் ‘செல்லாது, மனப்பாடம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் கண் டாக்டரம்மாவைப் பார்க்கக் கணவனும் மாமியாரும் கூட வந்தார்கள். கணவன் வண்டி ஓட்டவும், மாமியார் வேடிக்கை பார்க்கவும். டாக்டரம்மா நோட்டைப் புரட்டி, சிவப்புக் கோடுகளைக் கண்டு, வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியும் சிரிப்பு விரல் இடுக்கில் வழிந்தது.

“முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கறேன். கண்ணை ஏமாத்தறவங்களைப் பார்த்திருக்கேன். கண்ணு ஏமாத்தி, அதுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிட்டு வந்தவ நீ ஒருத்திதான்.” பிறகு குரல் மாறியது. “தலைவலி இருக்கா? கண்ணுல பளிச் பளிச்சுன்னு ஏதாவது மின்னுதா?”

“இல்லை டாக்டர். முந்தாநேத்து ரத்த அழுத்தம் பார்த்தாங்க, சரியா இருக்கு.”

“அது போதும். இருந்தா மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்காம பிரசவ டாக்டர்கிட்ட ஓடிடணும்.” அவரும் தம் இயந்திரத்தில் அளந்தார். ஏழே கால்தான். “நீ அளந்தது கச்சிதம். கஷ்டமா இருந்தா இப்போதைக்கு ஒரு சாதாரணக் கண்ணாடி போட்டுக்கோ. பெரும்பாலும் பிரசவத்துக்கப்புறம் இறங்கிடும். லேசருக்கு நான் முதல்ல சொன்னதேதான். பால்குடி மறந்து மூணு மாசம் கழிச்சு முதல் அளவு.”

“சரி டாக்டர்.”

“சண்டை போடலையா?”

“நோட்டே எனக்கு எதிரா சாட்சி சொல்லுது. எதை வெச்சு சண்டை போட? தேதி மட்டும் கொடுங்க. அடுத்த வருஷமோ, அதுக்கடுத்த வருஷமோ. எழுத்துல வேணும்.”

டாக்டரம்மா நாட்குறிப்பைத் திறந்தார். அடுத்த ஆண்டுக்கான பக்கங்கள் தீர்ந்துபோகவே, கடைசி வெற்றுத்தாளில் கோடு போட்டார். பிறகு கணவனை ஒரு பார்வை பார்த்தார். “ஒண்ணு சொல்லிடறேன். நடுவுல ரெண்டாவது வந்தா கணக்கு மறுபடியும் முதல்லேர்ந்து. அதனால இந்தத் தேதியைப் பேனாவால எழுதவா, பென்சிலால எழுதவா?”

கணவன் சுவரில் மாட்டியிருந்த கண்ணின் உட்புறப் படத்தை, நாளைக்குத் தேர்வு இருப்பவனைப் போல ஆழ்ந்து படிக்கத் தொடங்கினான்.

“பென்சில்லயே எழுதுங்க டாக்டர்” என்றார் மாமியார், தெளிவாக.

“பேனா” என்றாள் அவள். டாக்டரம்மாவின் கையிலிருந்த பேனாவைத் தானே வாங்கி, தாளை முகத்தருகே கொண்டுவந்து, நாள், மாதம், ஆண்டு, நேரம் எல்லாவற்றையும் அழுத்தமாக எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தாள்.

மாமியார் மை காய்கிற வரைக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசைப் பக்கம் மெல்லக் குனிந்து கேட்டார்:

“மையை மறைக்க வெள்ளையா ஒண்ணு தடவுவாங்களே டாக்டர், அது உங்ககிட்ட இருக்கா?”