நின்றவர்கள் நூற்றுப் பன்னிரண்டு

புது ஸ்டேடியம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்யக் கிளப் கூட்டத்தை மாடியில் வைத்தார்கள். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டுப் படி. என் தம்பி ஒன்பது வருடமாக வீல்சேரில் இருக்கிறான். கீழே ஜெர்சி மூட்டைகளைப் போட்டு வைத்திருக்கும் ஹாலை ஒரு மத்தியானம் ஒழித்துக் கொடுத்தால் யார் குடியும் முழுகிப் போகாது. ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நாலு பேர் ஓடிவந்து, "டேய், பூட்டு வந்துட்டான்டா!" என்று கும்மாளமாக அவனை வண்டியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அவனும் சிரித்துக்கொண்டேதான் போனான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூட்டு என்பது கிளப் வைத்த பெயர். பதினோரு வருடம் கோல்கீப்பர், பந்தை உள்ளே விடமாட்டான். வெளியூர் மேட்ச் முடிந்து வரும்போது வேன் கவிழ்ந்தது. மற்றவர்கள் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு வந்தார்கள், இவன் முதுகெலும்பு உடைந்து வந்தான். அதற்குப் பிறகும் உள்ளூர் மேட்ச் ஒன்றைக்கூட விட்டதில்லை. நான்தான் தள்ளிக்கொண்டு போவேன். இருபத்திரண்டு வருடமாக அங்கே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். பழைய மைதானத்தில் அவனுக்கு இடம் கோட்டோரத்தில், மண் தரையில், பெஞ்சுகளுக்குப் பின்னால். பந்து கோல் பக்கம் போனதும் முன்னால் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். ஒன்பது வருடத்தில் அவன் முழுசாகப் பார்த்த கோல் ஏழோ எட்டோ. மற்றதெல்லாம் மனுஷ முதுகு.

அதனால்தான் ஆர்க்கிடெக்ட் பெண் முதலில் போட்ட வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினாலாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியம். கேலரிக்கு நடுவில், உயரமாக ஒரு மேடை. நாற்பது வீல்சேர் நிற்கலாம். முன்னால் எவன் எழுந்து குதித்தாலும் மறைக்காது. ஒரு பிரதி வாங்கிக்கொண்டு ஓடிப்போய்த் தம்பியிடம் காட்டினேன். பார்த்தான். "நல்லாருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நானே நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் வந்தது வினை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிளப் பதினெட்டாயிரம் பேருக்குக் கட்டுகிறதாம். எங்கள் தலைவர் டயர் கடைக்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் வீம்பு என்று வந்துவிட்டால் கண் தெரியாது. நமக்கு இருபதாயிரம் என்று சொல்லிவிட்டார். நிலம் என்ன, எண்ணெயில் போட்ட அப்பளமா, உப்பிக்கொண்டு வர? இருந்த இடம்தான். அந்தப் பெண் பாவம், மேடையை எடுத்துவிட்டு அங்கே நாற்காலி போட்டாள். வீல்சேருக்கு ஒன்பது இடம். கார்னர் கொடி மூலையில், தரையோடு தரையாக, விளம்பரப் பலகைக்குப் பின்னால்.

கூட்டத்தில் தலைவர் அரை மணி நேரம் பேசினார். பெருமை, வரலாறு, வருங்காலம். உட்கார்ந்ததும் நான் எழுந்தேன்.

"தலைவரே, வாசல்ல டிக்கெட் கிழிக்கிறவ நான். சராசரியா ஏழாயிரம் பேர் வர்றாங்க. அதிகபட்சம் பதினோராயிரம், அதுவும் மூணே தடவை. இருபதாயிரம் நாற்காலி போட்டா ஆளுக்கு மூணு எடுத்துக்கிட்டுக் கால் நீட்டிப் படுத்துக்கலாமா?"

ஹால் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "இன்னைக்கு ஏழு, நாளைக்கு இருபது. பெருசா யோசிக்கணும்மா."

"புலியைப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதைதான் இது. பூனை தன் உடம்புல போட்டுக்கிச்சு, நீங்க என் தம்பி உடம்புல போடுறீங்க."

"நீங்க பாசத்துல பேசுறீங்கம்மா."

அந்த ஒரு வார்த்தை போதும். உடம்பெல்லாம் கொதித்தது. நியாயம் பேசினால் பாசமாம்!

"சரி, பாசம் வேண்டாம். நீங்க எழுந்து வந்து மூணாவது வரிசைல உட்காருங்க. முன்னாடி ரெண்டு வரிசையும் எழுந்து நில்லுங்கப்பா, கோல் விழப்போகுது."

வேடிக்கை என்று நினைத்து எல்லாரும் செய்தார்கள். நான் முன்னால் போய்ப் போர்டில் மார்க்கரால் ஒரு எண்ணை எழுதினேன். "தலைவரே, என்ன எழுதியிருக்கேன்? படிங்க."

இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். கழுத்தை நீட்டினார். கடைசியில், "இருபதாயிரம்" என்றார். ஹாலே கொல்லென்று சிரித்தது.

"உட்காருங்கப்பா" என்றேன். உட்கார்ந்தார்கள். போர்டில் இருந்தது வெறும் ஒன்பது. "அந்த ஒம்போது பேரும் இப்படித்தான் மேட்ச் பாக்கணும். யாரோ கத்துறதைக் கேட்டு, கோல் விழுந்துச்சுன்னு ஊகம் பண்ணிக்கணும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. கடைசிச் சுவரோரம் இருந்த தம்பியைப் பார்த்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் கிளப்பில் ஓட்டு எடுப்பதற்குச் சீட்டு கிடையாது. ஆதரிக்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும். செயலாளர் நிற்கிற தலைகளை எண்ணுவார். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டவர்கள் கணக்கிலிருந்து அதைக் கழிப்பார். மீதியெல்லாம் எதிர்ப்பு. கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். அன்றைக்குத் தலைவரைச் சேர்க்காமல் இருநூற்று இருபத்தாறு பேர்.

"இருபதாயிரத்தை ஆதரிக்கிறவங்க எழுந்து நில்லுங்க."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. செயலாளர் விரலை நீட்டி நீட்டி இரண்டு தடவை எண்ணினார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நின்னவங்க நூத்துப் பன்னிரண்டு. எதிர்ப்பு நூத்துப் பதினாலு. தீர்மானம் தோல்வி."

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்போதுதான் பின்னாலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"செயலாளரே, என்னை எதுல எழுதினீங்க?"

"எதுலன்னா... எதிர்ப்புலதான். நீ உக்காந்துதானே இருந்தே?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"கை தூக்கியிருந்தேன். முன்னாடி நின்னவங்க மறைச்சுட்டாங்க" என்றான். "நான் ஆதரவு. இருபதாயிரம்."

செயலாளர் அடித்து எழுதினார். நூற்றுப் பதிமூன்று, நூற்றுப் பதிமூன்று. சமமாக வந்தால் தலைவர் ஓட்டு. அவர் என்னைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், "இருபதாயிரம்" என்றார். ஒரே கூச்சல். கட்டிப்பிடித்துக்கொண்டு, தலைகால் புரியாமல், டீ குடிக்கக் கீழே ஓடினார்கள். என் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்கள். ஐந்து நிமிடத்தில் ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"பாவி! ஏன்டா இப்படிப் பண்ணினே? உனக்காக நாயா குரைச்சேனேடா!"

"அக்கா, ஒம்போது வருஷமா இந்த ஹால்ல எந்தத் தீர்மானம் வந்தாலும் இவங்க கணக்குல நான் எதிர்ப்பு. கோச்சை மாத்தினதுக்கு எதிர்ப்பு. பொண்ணுங்க டீம் ஆரம்பிச்சதுக்கு எதிர்ப்பு. ஒவ்வொரு தடவையும் கை தூக்கினேன். எவனும் பாக்கல."

"அதைச் சொல்ல இன்னைக்குத்தான் வாய் வந்துச்சா? நாம ஜெயிச்சு, கூட்டம் முடிஞ்ச அப்புறம் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீதான் ஜெயிச்சே. நான் தோத்தேன். எனக்கு இருபதாயிரம்தான் வேணும். நான் நின்ன கோலுக்குப் பின்னாடி பதினோராயிரத்துக்கு மேல ஒரு நாளும் கத்தினதில்ல. பெருசா ஒரு சத்தம் கேக்கணும்னு எனக்கு ஆசை இருக்கக் கூடாதா? அந்த வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினே. உனக்கு எதுடா வேணும்னு கேட்டியா?"

ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வாசலில் வருகிற ஒவ்வொரு தலையையும் இருபத்திரண்டு வருடமாக எண்ணுகிறவள், கூடப் பிறந்தவனை நானும் எதிர்ப்பில்தான் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது?

"நாளைக்கு அந்த ஆர்க்கிடெக்ட் பொண்ணைப் பாக்கப் போறேன்" என்றான். "இருபதாயிரத்துலயும் நடுவுல மேடை வேணும்னு கேப்பேன். நான் கேப்பேன். நீ வாயைத் திறக்கக் கூடாது."

"முடியாதுன்னு சொல்லிட்டா?"

"சண்டை போடுவேன். உன் தம்பிதானே." வண்டியைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பினான். "இப்போ என்னைக் கீழே இறக்கு."

படியின் தலைப்பில் நின்று பார்த்தேன். கீழே டீ கிளாஸ்களோடு நூறு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் தலைகூட மேலே திரும்பவில்லை. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

"டேய்! உங்களை ஜெயிக்க வச்சவன் மேல இருக்கான்டா! வந்து தூக்குங்கடா!"