உப்பிய கன்னம்

சிகிச்சை அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: மேசையில் படுத்திருந்த அத்தான், காலடியில் அக்கா, புரோட்டான் கதிர்க் கருவியை இயக்கும் தம்பி.

கதிர் எவ்வளவு ஆழம் பாய்கிறது என்று கணிக்கப் பழக்கிய மென்பொருள், அது அத்தானின் முகத்துக்குள் இருந்த புற்றுக்கட்டியைத் தாண்டிக் கண் நரம்பைச் சுடுவதாகச் சில நாட்களாகவே எச்சரித்தது. கேமராவிலோ முகம் முதலில் எடுத்த அளவோடு கச்சிதமாகப் பொருந்தியது. இன்று கதிரைப் பாதியில் நிறுத்திவிட்டு அக்காவோடு உள்ளே ஓடிவந்தபோது குட்டு உடைந்தது. கேமரா பார்க்கும்வரை உப்பியிருந்த கன்னம் இப்போது எலும்போடு ஒட்டிக் கிடந்தது. சதை குறைந்த அளவுக்குக் கதிர் உள்ளே போயிருக்கிறது.

“இந்த வயசுல பலூன் ஊதக் கத்துக்கிட்டேன், மாப்ளே. மெலிஞ்சது தெரிஞ்சா நிறுத்திடுவீங்களே.”

“மறுபடி அளவெடுத்துக் கணக்குப் போடணும் அத்தான். ரெண்டு வாரம் ஆகும்.”

“அதுவரைக்கும் கட்டி கையக் கட்டிக்கிட்டு நிக்குமா?”

நிற்காது என்று தம்பிக்கே தெரியும்.

அக்கா அவன் கையைப் பிடித்தாள். “கண்ணு போனா போகட்டும்டா. நான் கூட்டிட்டுத் திரியறேன். ஆளு இருந்தா போதும். அந்தக் கம்ப்யூட்டர நீ பாக்கல, அவ்வளவுதான்.”

“பாத்துட்டேனேக்கா.”

அவள் கையை விட்டாள். அத்தானை எழுப்பி நடத்திக்கொண்டு வெளியேறினாள். அவர்களுக்குப் பின்னால் தம்பி கனத்த கதவைச் சாத்திப் பூட்டினான்.